ஒரு விரலில் நகர வேண்டும்

“கையில தொழில் இருக்கு, ஒனக்கு என்னப்பா கவல?”

ஆள்குறைப்புக் கடிதத்தோடு வீட்டுக்கு வந்த அந்த வாரத்தில் இதைச் சொல்லாத ஆளில்லை. மாமா சொன்னார், கோயில் கமிட்டிக்காரர்கள் சொன்னார்கள், கோலாலம்பூர், செந்தூல் ஒட்டுக்கடையில் தே தாரிக் ஆற்றிக்கொண்டிருந்த அண்ணன்கூடச் சொன்னார். ஆறுதலாகத்தான் சொன்னார்கள். எனக்கோ ராத்திரியில் தூக்கம் வரவில்லை. தொழில் இருக்கிறது, சரி, எந்தத் தொழில்? 17 வருடம் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் டெக்னிஷியனாக இருந்தவன் நான். வெல்டிங் வரும். மோட்டாரைக் கழற்றி மாட்டத் தெரியும். கன்வேயர் நின்றால் பேனலைத் திறந்து எந்த ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) போயிருக்கிறது என்று கண்டுபிடிப்பேன். ஏர்கோன் சர்வீஸும் ஓரளவு தெரியும். ஒன்றே ஒன்று தெரிந்தவன் அதைச் செய்துகொண்டு போய்விடுவான். நாலைந்து தெரிந்தவன்தான் நடுவீட்டில் உட்கார்ந்து விழிக்கிறான்.

போன மாதம் என்னோடு வேலை பார்த்த இருவர் இதே கேள்வியோடு வீடு தேடி வந்தார்கள். அவர்களிடம் அவசரத்தில் சொன்னதை இங்கே நிதானமாக எழுதிவைக்கிறேன்.

என் அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். 1900களின் தொடக்கத்தில் வெள்ளைக்காரன் காலத்தில் வந்த பட்டறை அது. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து, மறுபடி எழுந்து, ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டது. செந்தூலில் இத்தனை தமிழர்கள் குடியிருக்க அதுவும் ஒரு காரணம். பிற்பாடு அந்த வேலையெல்லாம் பேராக் மாநிலத்துப் பத்து காஜா ஊருக்குப் போய்விட்டது. அரம் போட்ட இரும்பின் மேல் அப்பா விரலை ஓட்டிப் பார்த்து, இன்னும் எவ்வளவு எடுக்க வேண்டும் என்று சொல்வார். அளந்து பார்த்தால் சரியாக இருக்கும். அப்படிப்பட்ட கை. ஆனால் “இந்த வேலைக்கு இவ்வளவு” என்று வாழ்நாளில் ஒரு மனிதரிடம் அவர் விலை சொன்னதில்லை. சொல்ல வேண்டி வரவில்லை, மாதக் கடைசியில் சம்பளம் வந்தது. அவருக்கு முன்னால் தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு; அவர் பேர் செக்ரோலில் (தோட்டத்து ஆள்கணக்குப் பதிவேட்டில்) இருந்தது. அடுத்து நான், பஞ்ச் கார்டு. மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டில் கைவேலை இருந்தது, விலை சொல்லிப் பழகிய வாய் இல்லை.

தொழில் தேடிய ஆறு மாதத்தில் மெல்ல மெல்ல எனக்கு விளங்கியது இதுதான்: எனக்கு எது நன்றாக வரும் என்பது பாதிக் கேள்வி. யார் வீட்டு வாசலில் போய் நிற்பேன், எப்போது காசு கேட்பேன், அந்தக் காசு எப்போது கைக்கு வரும் என்பது மறுபாதி.

ஆறு மாதம் என்று சொன்னது சும்மா இல்லை. ஐந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவருக்கு ஆள்குறைப்பில் வருடத்துக்கு 20 நாள் சம்பளம் என்பது சட்டம். எனக்கு 17 வருடம், ஆக 340 நாள் சம்பளம் கிடைத்தது. அதைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தோம். அதற்கு மேல், 2018 முதல் சம்பளத்தில் கொஞ்சமாகப் பிடித்துக்கொண்டே வந்த பெர்கெசோவின் (சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின்) வேலைக் காப்புறுதி இருந்தது. அப்போது, வேலை போனால் முதல் மாதம் சம்பளக் கணக்கில் 80 விழுக்காடு தந்தார்கள். பிறகு 50, 40, 40, 30, 30 என்று இறங்கி ஆறு மாதத்தில் நின்றுவிட்டது. அந்த இறங்குவரிசையை மனைவி ஒரு தாளில் எழுதி ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டினாள். “கடைசி முப்பது வர்றதுக்குள்ள முடிவெடுத்துடுங்க” என்றாள். குத்திக்காட்ட இல்லை, நான் இழுத்துக்கொண்டே போவேன் என்று அவளுக்குத் தெரியும்.

முதலில் மனம் போனது வயரிங் பக்கம். தொழிற்சாலையில் தினமும் 415 வோல்ட் பேனலைத் திறந்தவனுக்கு டெரஸ் வீட்டு வயரிங் பெரிய விஷயமா என்று நினைத்தேன். வெளியே வந்தால் நிலைமை வேறு. வீட்டு வயரிங் செய்ய சுருஹான்ஜாயா தெனாகாவின் (எரிசக்தி ஆணையத்தின்) பெண்டாவாய் சான்றிதழ், அதாவது வயர்மேன் சான்றிதழ் வேண்டும். வேலையை எடுக்கும் ஆள் பதிவுபெற்ற மின் குத்தகையாளராக இருக்க வேண்டும். முடிந்ததும் பொறுப்பேற்றுப் பாரம் ஜி, சோதித்துப் பாரம் எச் கையெழுத்திட வேண்டும். என்னிடம் இவற்றில் எதுவும் இல்லை. “யாரு வந்து பார்க்கப் போறா, பாதி ஊரு அப்படித்தான் செய்யுது” என்று ஒருவர் சொன்னார். இதில் எனக்குச் சமரசமே கிடையாது. அடுத்தவர் வீட்டுக் கூரைக்குள் ஓடும் வயர், நாம் போன பிறகு இருபது வருடம் அங்கேயே இருக்கும். பிள்ளைகள் தூங்கும் அறைக்கு மேலே இருக்கும். கை தெரிந்தால் போதாது, பேர் போட்டுப் பொறுப்பேற்க முடிய வேண்டும்.

ஏர்கோன் விஷயத்தில் மச்சானோடு மூன்று வாரம் சுற்றினேன். நல்ல தொழில், வந்த வாடிக்கையாளர் வருடா வருடம் திரும்ப வருவார். ஆனால் ஏணி பிடிக்க, அவுட்டோர் யூனிட்டைத் தூக்க இரண்டாவது ஆள் வேண்டும். தெருவுக்கு நாலு பேர் தூணில் நம்பர் ஒட்டி, ஒருவரையொருவர் விலையில் அடித்துக்கொண்டிருந்தார்கள். மோட்டார் சைக்கிள் பட்டறை என்றால் முதல் நாளிலிருந்தே கடை வாடகை.

வெல்டிங்தான் என் உயிர். கிரில், கேட், மாடிப்படிக் கைப்பிடி. ஜிஞ்சாங் பக்கம் ஒரு கூட்டாளி கிரில் கடை வைத்திருந்தார். ஒரு மாதம் சம்பளம் இல்லாமல் அவரோடு நின்றேன். (தொழிலைத் தேர்ந்தெடுக்கும் முன் அந்தத் தொழிலில் இருப்பவரோடு நாலு வாரம் சும்மா நிற்பதைப் போல ஒரு படிப்பு கிடையாது. இதை மட்டும் யாராவது கேட்டால் போதும்.) வேலையில் எனக்குக் குறை இல்லை, என் வெல்டிங் கோட்டைப் பார்த்து அவரே பாராட்டினார். ஆனால் அந்த ஒரு மாதத்தில் வெல்டிங் முகமூடி அணிந்த நேரத்தைவிட அவர் தொலைபேசியில் பாக்கி கேட்ட நேரம்தான் அதிகம். பாதி முன்பணம் வாங்கி இரும்பு எடுப்பார். அதற்குள் இரும்பு விலை ஏறியிருக்கும். மாட்டி முடித்தால் மீதிப் பணத்துக்கு “அடுத்த மாசம் பாஸ்”. 2,800 வெள்ளிக்காக (ரிங்கிட்) ஒரே வீட்டுக்கு மூன்று மாதமாக நடந்துகொண்டிருந்தார். அவருக்கு அது பழகிப்போன விஷயம். எனக்கு அந்த வாய் இல்லை என்று அங்கே நின்றபோது உறுதியாகத் தெரிந்தது. எனக்கு மிக நன்றாக வரும் வேலையை அந்த மாதக் கடைசியில் கைவிட்டேன். மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

ஐஸ்பெட்டித் தாளில் இரண்டாவது 40 ஓடிக்கொண்டிருந்த அக்டோபர். கோலாலம்பூரைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கில் வருடத்துக்கு ஏறக்குறைய 200 நாள் இடி இடிக்கும்; பருவம் மாறும் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாத மாலைகளில் ஆட்டம் அதிகம். அன்று சாயங்காலம் எங்கள் குடியிருப்பான தாமானையே பிளப்பதுபோல ஒரு மின்னல். மறுநாள் காலை ஏழு மணிக்கு எதிர்வீட்டு டீச்சரம்மா கேட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. காடி (கார்) உள்ளே, மோட்டாரில் திறக்கும் ஆட்டோ கேட் அசையவில்லை, பத்து மணிக்கு மருத்துவமனையில் செக்கப். கேட் போட்ட ஆளைக் கூப்பிட்டால் நாலு நாள் ஆகும் என்றாராம்.

முதலில் சாவி போட்டு மோட்டாரை விடுவித்து, கேட்டைக் கையால் திறந்து அவரை அனுப்பிவைத்தேன். அப்படி ஒரு சாவி இருப்பதே அவருக்குத் தெரியாது. பிறகு சுவரில் இருந்த கன்ட்ரோல் பெட்டியைத் திறந்தேன். உள்ளே எறும்புப் புற்று, பல்லி முட்டை மூன்று, போர்டின் குறுக்கே ஒரு பல்லி கருகிக் கிடந்தது. மின்னல் ஃபியூஸோடு நின்றுவிட்டிருந்தது. ஒரு ரிலேயைத்தான் பல்லி காவு வாங்கியிருந்தது. அன்று மதியம் பூடு ஜாலான் பாசாருக்குப் போனேன். எலக்ட்ரானிக் சாமான் என்றால் கோலாலம்பூரில் எல்லோரும் போகும் தெரு. சில வெள்ளியில் அதே ரிலே கிடைத்தது. பழையதை ஈயம் உருக்கி எடுத்துப் புதியதை வைத்து, பெட்டியின் வயர் ஓட்டைகளை சிலிக்கான் பசையால் அடைத்து மாட்டினேன். கேட் திறந்தது.

டீச்சரம்மா 50 வெள்ளி நீட்டினார். அக்கம்பக்கம்தானே, வேண்டாம் டீச்சர் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவர் விடவில்லை. “நீங்க காசு வாங்கலன்னா நாளைக்கு மறுபடி கெட்டுப்போனா நான் எப்படித் தம்பி உங்களக் கூப்பிடறது? கூச்சமா இருக்காதா?”

அந்தக் கேள்வியை அதுவரை நான் அந்தப் பக்கத்திலிருந்து யோசித்ததே இல்லை. காசு கேட்பது நான் அவரிடம் எடுத்துக்கொள்வது என்றுதான் என் நினைப்பு. அவருக்கோ, காசு கொடுத்தால்தான் திரும்பக் கூப்பிடும் உரிமை. வாங்கிக்கொண்டேன்.

அன்று மாலை எங்கள் தெருவை நடந்து எண்ணினேன். 38 வீடு, 29 ஆட்டோ கேட். பக்கத்துத் தெருவும் அப்படியே. கெப்போங், செகம்புட், செலாயாங், செத்தாபாக் என்று எந்தத் தாமானுக்குப் போனாலும் இதே கதைதான். புதிய கேட் போட்டுக்கொடுக்க ஆட்கள் நிறைய. போட்ட கேட்டைப் பழுதுபார்க்க ஒரு ஆள் வருவது குதிரைக்கொம்பு, ஏனென்றால் புதுசில்தான் லாபம் பெரிது. எனக்கோ பழுதுபார்ப்பதுதான் 17 வருடப் பிழைப்பு. ஒரே ஆள் செய்யக்கூடிய வேலை. பெரும்பாலும் இரண்டு மணி நேரத்தில் முடியும். முடிந்ததும் கேட் திறப்பதை வீட்டுக்காரர் கண்ணாலேயே பார்ப்பார், அங்கேயே காசு தருவார். காடியை வெளியே எடுக்க முடியாதவர் “அடுத்த மாசம் பார்க்கலாம்” என்று சொல்வதில்லை. போர்டு, பேட்டரி, மோட்டார் ஆகியவற்றின் 12, 24 வோல்ட் பக்கம் என் கை. பெட்டிக்கு வரும் 230 வோல்ட் லைனைப் புதிதாக இழுக்க வேண்டியிருந்தால் சான்றிதழ் உள்ள பெண்டாவாய் ஒருவரைக் கூட்டிப் போகிறேன், அவருக்குரியதை அவருக்குக் கொடுத்துவிடுகிறேன்.

என் வெல்டிங் வீணாகவில்லை என்பது பிறகு தெரிந்தது. ஒரு வீட்டுக்குப் போனதும் நான் முதலில் செய்வது, மோட்டாரை விடுவித்துவிட்டுக் கேட்டை ஒரு விரலால் தள்ளிப் பார்ப்பது. நல்ல கேட் ஒரு விரலில் நகரும். பாதி வழியில் நின்றாலோ, தானாகத் திரும்பி வந்தாலோ, தரையை உரசினாலோ, கோளாறு மோட்டாரில் இல்லை. கீல் துருப்பிடித்து கேட் தொங்கிவிட்டது, அல்லது தூண் சாய்ந்திருக்கிறது. அந்தப் பாரத்தை இழுத்து இழுத்தே மோட்டார் செத்திருக்கும். அந்தக் கீலைச் சரிசெய்யாமல் புது மோட்டார் மாட்டினால் அதுவும் சீக்கிரம் போய்விடும். என்னைக் கூப்பிட்ட எத்தனையோ வீடுகளில் இரண்டாவது, மூன்றாவது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கீலை அறுத்து, புதுசு வைத்து வெல்டிங் அடித்து, கிரீஸ் போட்டால் பழைய மோட்டாரே எத்தனை வருடம் உழைக்கிறது! அப்பாவின் விரல் இந்த வேலையில்தான் எனக்கு வந்து சேர்ந்தது என்று தோன்றும்.

இன்னொரு விஷயம், வீட்டில் ஆட்டோ கேட் உள்ளவர்கள் இன்றைக்கே பார்க்க வேண்டியது. செகம்புட்டில் ஒரு வீட்டில் கேட் நடுராத்திரியில் தானாகத் திறந்துகொள்கிறது என்று பயந்துபோய்க் கூப்பிட்டார்கள். பேய் பிசாசு வரைக்கும் பேச்சு போயிருந்தது. ரிமோட்டைத் திறந்தேன். இங்கே பரவலாக உள்ள 330 மெகாஹெர்ட்ஸ் ரிமோட்டில் உள்ளே எட்டுக் குட்டி சுவிட்ச் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றையும் மேலே, நடுவே, கீழே என மூன்று நிலையில் வைக்கலாம். மொத்தம் 6,561 விதம். அந்த வீட்டு ரிமோட்டில் எட்டும் நடுவிலேயே இருந்தன, பெட்டியிலிருந்து வந்தபடி. நாலு வீடு தள்ளி, இரவு ஷிப்ட் முடித்து வரும் ஒருவரின் ரிமோட்டும் அப்படியே. அவர் தன் கேட்டைத் திறக்கும்போது இவர்கள் கேட்டும் திறந்திருக்கிறது. சுவிட்சை மாற்றி வைக்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம்பிடித்துக்கொண்டு போன ஆளை நினைத்தால் எனக்கு இன்னமும் கோபம் வருகிறது. கதவு வேலை என்பது காவல் வேலை.

தொடங்கும்போது ஆன செலவு என் கணக்கில் 6,800 வெள்ளி. அதில் பாதிக்கு மேல் ஒரு பழைய வேனுக்கு. மீதியில் சின்ன இன்வர்ட்டர் வெல்டிங் செட், கிரைண்டர், நல்ல மல்டிமீட்டர், நாலு விதப் போர்டு, 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி ஆறு, ரிமோட் ஒரு டஜன். எஸ்.எஸ்.எம். என்னும் நிறுவனப் பதிவகத்தில் தொழிலைப் பதிய, கடைப்பேர் வைத்தால் வருடத்துக்கு 60 வெள்ளி, ஐ.சி.யில் (அடையாள அட்டையில்) உள்ள சொந்தப் பேரிலேயே பதிந்தால் 30. தொழில் தொடங்கி 30 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும். நான் சொந்தப் பேரில் பதிந்தேன். சுயதொழில் செய்பவர்களுக்கான பெர்கெசோ திட்டத்தில் வருடம் 232 வெள்ளி 80 சென் கட்டுகிறேன். கிரைண்டரைக் கையில் பிடிப்பவர் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

கடன் பற்றியும் அந்த இருவரும் கேட்டார்கள். சிறுதொழிலுக்குக் கடன் தரும் அரசு அமைப்பான தெக்குன் வழியாக நம் இந்தியச் சமூகத்துக்கென்றே ஸ்பூமி திட்டம் இருக்கிறது. தேவையானவர்கள் தயங்காமல் போய்க் கேட்க வேண்டும். ஆனால் முதல் ஐம்பது வாடிக்கையாளரைப் பார்க்கும் முன் எந்தக் கடனும் வாங்காதீர்கள் என்பது என் அபிப்பிராயம். நமக்கு உண்மையில் என்ன சாமான் வேண்டும் என்பதே ஐம்பதாவது வீட்டில்தான் தெரிகிறது. பெரிதாகத் தேவைப்படும் என்று நான் நினைத்த இரண்டு கருவிகள் இன்றும் உறைபிரிக்காமல் கிடக்கின்றன.

சரிவுகளும் இருந்தன. ஐந்தாவது மாதம், செலாயாங்கில் ஒரு வீடு. மூடும்போது கேட் பாதியில் நிற்கிறது என்று கூப்பிட்டார்கள். தள்ளிப் பார்த்தேன், கனமாகத்தான் இருந்தது. கீலை மாற்ற அவர் இப்போது தயாரில்லை. நானும் போர்டில் மோட்டாரின் தள்ளுவிசையைக் கூட்டி வைத்துவிட்டு வந்தேன். இரண்டு நாள் கழித்து, காடி இன்னும் முழுதாக உள்ளே வராத நேரத்தில் கேட் மூடி, அவருடைய மைவி காரின் பின்பக்கப் பம்பரைக் கிழித்தது. விசையைக் கூட்டியதால் எதில் முட்டினாலும் நிற்காமல் தள்ளியிருக்கிறது. காடிக்குப் பதில் அவர் பேத்தி நின்றிருந்தால்? அந்த நினைப்பே வயிற்றைக் கலக்கியது. பம்பருக்கு நான் பணம் கொடுத்தேன். கீலையும் மாற்றினேன், வழியில் ஆள் இருந்தால் மூடாதபடி சென்சாரும் மாட்டினேன். கனமான கேட்டுக்கு விசையைக் கூட்டித் தருவதை அன்றோடு விட்டேன். வேண்டுமானால் கையால் திறந்து மூடும்படி விட்டுவிட்டுக் காசு வாங்காமல் வருவேன்.

“தம்பி, நம்ம ஆளுதானே, கொறச்சுக்கங்க” என்பது அடுத்த சிக்கல். முதலில் குறைத்தேன், எல்லோருக்கும். மூன்றாம் மாதம் மனைவி கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது தமிழ் வீடுகளில் நான் வேனுக்கு எண்ணெய் போடும் காசுக்குத்தான் உழைத்திருக்கிறேன் என்று தெரிந்தது. இப்போது வந்து பார்க்க 50 வெள்ளி, வேலை எடுத்தால் அதைக் கூலியில் கழித்துக்கொள்வேன். சீன அங்கிளுக்கும் மலாய் அக்காவுக்கும் நம்மவருக்கும் ஒரே விலை. கூப்பிடும்போதே தொலைபேசியில் சொல்லிவிடுகிறேன். நம் ஆளுக்கு நான் தரக்கூடியது விலைக்குறைப்பைவிட நல்லதாக ஒன்று உண்டு: எது கெட்டிருக்கிறது, எது கெடவில்லை என்று அவர் மொழியிலேயே உள்ளபடி சொல்வது.

வருமானம் எட்டு மாதம் பழைய சம்பளத்தைத் தொடவில்லை. மழைக்காலத்தில் தொலைபேசி ஓயாது. வெயில் காலத்தில் வாரத்துக்கு மூன்று வீடு கிடைத்தாலே பெரிது. அந்த ஓய்ந்த வாரங்களுக்காகத்தான் தொடாமல் வைத்த 340 நாள் சம்பளம் உதவியது. வந்த இருவரிடமும் இதைத்தான் முதலில் கேட்டேன்: வருமானம் இல்லாமல் எத்தனை மாதம் வீட்டை ஓட்ட முடியும்? ஒருவரிடம் இரண்டு மாதத்துக்கு இருந்தது. அவரை இப்போதைக்கு வேலைக்குப் போய்க்கொண்டே வார இறுதியில் என்னோடு வரச் சொல்லியிருக்கிறேன். இன்னொருவருக்குக் கை பொன்னானது, ஒரு சான்றிதழும் இல்லை. அனுபவத்தைச் சோதித்து எஸ்.கே.எம். என்னும் மலேசியத் திறன் சான்றிதழ் கொடுக்கும் வழி ஜாபாத்தான் பெம்பாங்குனான் கெமாஹிரானில் (திறன் மேம்பாட்டுத் துறையில்) இருக்கிறது, பி.பி.டி. என்பார்கள். அதற்குத் தாள்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.

குறிப்பேடு ஒன்று வேனில் கிடக்கிறது. வீட்டு எண், கேட் வகை, எந்தப் போர்டு, பேட்டரி மாற்றிய தேதி. இந்தப் பேட்டரிகள் இரண்டு மூன்று வருடம்தான் தாங்கும். கரண்ட் போகும் இரவில்தான் பேட்டரி செத்தது வீட்டுக்காரருக்குத் தெரியவரும். அதனால் மாதம் பிறந்ததும் பக்கங்களைப் புரட்டி, தவணை வந்தவர்களை நானே கூப்பிடுகிறேன். இந்த மாதப் பட்டியலில் முதல் பேர் டீச்சரம்மா. நேற்று ராத்திரி கூப்பிட்டுச் சொன்னேன். “சனிக்கிழம காலைல வாங்க தம்பி, எவ்வளவு ஆகும்னு இப்பவே சொல்லிடுங்க, எடுத்து வச்சிடறேன்” என்றார். சொன்னேன்.